பூங்காவில் எதை வைப்பது: ஒளிக்காட்சியா, உயரப்பாதையா, ஓடையா, மணல்மேடா?

நாலைந்து ஏக்கர் இடம் கையில் இருக்கிறது, ஏதோ ஒரு திட்டத்தில் பணமும் வந்துவிட்டது. கன்சல்டன்ட் வந்து இசைக்கு ஆடும் நீரூற்று, மரங்களுக்கு மேலே நடைபாதை, கண்ணாடி மாளிகை, போனை நீட்டினால் டைனோசர் தெரியும் செயலி என்று வரிசையாக ஸ்லைடு காட்டிவிட்டுப் போய்விட்டார். "உள்ளே வருகிறவர்கள் அப்படியே சொக்கிப்போக வேண்டும், எதை எடுக்கலாம்?" என்று கவுன்சிலர், நலச்சங்கச் செயலாளர், கட்டடக்கலை கடைசி வருட மாணவர் எனப் பலரும் கேட்கிறார்கள். எல்லாருடைய ஸ்லைடிலும் கட்டாயம் ஒரு சிங்கப்பூர்ப் படம் இருக்கும். அதனால் நானும் பெரும்பாலும் சிங்கப்பூரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் சொன்ன நான்கு வகையும் அங்கே இருக்கின்றன, நான்கும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஓடுவதற்கான காரணம் வேறு. அந்தக் காரணம் நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்காமல் படத்தை மட்டும் எடுத்துவந்தால்தான் வம்பு.

## எதை வைத்து அளப்பது

மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, வரப்போவது யார் என்பது. வெளியூரிலிருந்து ஒரே ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவரா, அல்லது தினமும் விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு வருகிற அடுத்த தெருக்காரரா? முதல் ஆளை அசத்துகிற பொருள் இரண்டாவது ஆளுக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடும். இரண்டாவது ஆள் விரும்புகிற பூங்காவை முதல் ஆள் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு "இங்கே ஒன்றுமில்லையே" என்று கிளம்பிவிடுவார். இரண்டு பேரையும் ஒரே பொருளால் திருப்திப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது மூன்றாவது வருடச் செலவு. நம் ஊரில் கட்டுவதற்கான பணம் மேலேயிருந்து வரும். மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் பூங்காக்களுக்கென்றே ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள், ஸ்மார்ட் சிட்டி பணத்திலும் நிறையப் பூங்காக்கள் வந்தன. ஆனால் மின்கட்டணம், தோட்டக்காரர் சம்பளம், ஏ.எம்.சி எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் நகராட்சியின் சொந்தப் பையிலிருந்துதான். ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் முடிந்த மறுநாள் யார் பில் கட்டுவது என்பதற்கு எந்த ஸ்லைடிலும் பதில் இருக்காது.

அப்புறம் வானிலை: மே மாத மதியம் ஒன்று, நவம்பர் அடைமழை ஒன்று. இரண்டிலும் அந்தப் பொருள் என்ன ஆகும்?

நான்காவது, அது யாரை வெளியே நிறுத்துகிறது. டிக்கெட், படிக்கட்டு, உயரக் கட்டுப்பாடு, இருட்டு, இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைத் திருப்பி அனுப்புகிறது. கடைசியாக, அது நின்றுபோனால் மிஞ்சுவது என்ன என்றும் கேட்டுவிடுங்கள். மரம் வைத்த இடத்தில் பணம் நின்றால் மரமாவது மிஞ்சும். ப்ரொஜெக்டர் வைத்த இடத்தில் ஒரு கம்பமும் காலிப் பெட்டியும்தான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | ஒளி-ஒலிக் காட்சி | உயரப்பாதை, கண்ணாடி மாளிகை | ஓடை, ஈரநிலம் | கைபட விளையாடும் இடம் |
|---|---|---|---|---|
| முதல் தடவை ஈர்ப்பு | மிக அதிகம் | அதிகம் | சுமார் | குழந்தை இருந்தால் அதிகம் |
| திரும்ப வருவார்களா | குறைவு | பாதையானால் ஆம், மாளிகையானால் குறைவு | ஆம் | ஆம், குழந்தை வளரும்வரை |
| மூன்றாவது வருடச் செலவு | மிக அதிகம் | மாளிகைக்கு மிக அதிகம், பாதைக்கு நடுத்தரம் | ஆள்கூலி அதிகம், மின்சாரம் குறைவு | நடுத்தரம் |
| மே மதியம் | பயனில்லை | மாளிகை அடுப்பு | நிழல் வளர்ந்த பிறகு நல்லது | தரையைப் பொறுத்தது |
| அடைமழை | நிறுத்த வேண்டும் | மின்னலில் மூட வேண்டும் | அதற்காகவே கட்டியது | மூட வேண்டும் |
| நின்றுபோனால் | காலித் தொட்டி | துருப்பிடித்த எஃகு | காடு | மணலும் நிழலும் |

## ஒளி-ஒலிக் காட்சி

சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை த பே 2012 ஜூனில் திறந்தது. 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள சூப்பர்ட்ரீக்கள், அதாவது மர வடிவக் கோபுரங்கள், இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இசைக்கேற்ப ஒளிர்வதைக் கீழே புல்லில் படுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நம் ஊர் ஆட்கள் போனில் எடுத்துக்கொண்டு வருவது இதைத்தான். ஆனால் அந்தக் காட்சி இலவசமாக நடப்பதற்குக் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது: கண்ணாடி மாளிகைகளுக்கு டிக்கெட், மேலே நடைபாலத்துக்குத் தனி டிக்கெட், போதாததற்கு எதிரே மெரினா பே ஹோட்டல்களிலிருந்து ஒவ்வொரு இரவும் புதிதாக வந்து இறங்கும் சுற்றுலாக் கூட்டம். காட்சி வருடக்கணக்காக மாறாவிட்டாலும் பரவாயில்லை, பார்ப்பவர்கள் தினமும் மாறுகிறார்கள். உங்கள் வார்டு பூங்காவில் பார்ப்பவர்கள் மாறமாட்டார்கள், அதனால் காட்சிதான் மாறியாக வேண்டும். புதுக் காட்சி எழுதித் தர ஒவ்வொரு தடவையும் அதே கம்பெனிக்காரர் காசு கேட்பார்.

இசை நீரூற்றின் நிஜமான கதையைத் தெரிந்துகொள்ள அதன் பம்ப் அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சென்னை போன்ற ஊர்களில் தொட்டியை நிரப்புவது பெரும்பாலும் போர்வெல் உப்புத் தண்ணீர். சில மாதங்களிலேயே நாசில் வாயில் வெள்ளைப் பொருக்கு படியும், பத்து அடி எழ வேண்டிய தாரை நாலடியில் ஒரு பக்கமாகச் சாயும், ஊழியர் ஒருவர் தொட்டிக்குள் இறங்கி ஆசிட்டில் முக்கிய துணியால் தேய்த்துக்கொண்டிருப்பார். நீருக்கடியில் பதித்த விளக்கின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் புகுந்தால் அந்த நிறம் அவ்வளவுதான். சிவப்பும் நீலமும் போய் வரிசையில் பச்சை மட்டும் எரிகிற நீரூற்று உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் வைக்கலாம், வைத்தால் ஓடும், ஆனால் அது தனிச் செலவு, எஸ்டிமேட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இன்னொரு செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு நாளில் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடும் பொருளுக்காகப் பூங்காவின் நடு இடம் நாள் முழுக்க வெறும் கான்கிரீட் தொட்டியாகக் கிடக்கிறது. அங்கே நான்கு புங்கமரம் இருந்திருக்கலாம்.

இது எங்கே சரி? நகரத்தின் நடுவில், வெளியூர்க்காரர்கள் வருகிற, டிக்கெட் போட முடிகிற இடத்தில். 2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் ஆறு ஏக்கர் சொச்சத்தில் இசை நீரூற்று, ஜிப்லைன், கண்ணாடி மாளிகை எல்லாம் இருக்கின்றன. பக்கத்திலேயே செம்மொழிப் பூங்கா, சுற்றிலும் ஹோட்டல்கள், நுழையவே கட்டணம். அந்தக் கணக்கு வேறு. அதைப் பார்த்துவிட்டு வந்து புறநகரில் இலவசப் பூங்காவுக்கும் அதையே கேட்பது எனக்குப் புரியவில்லை.

ஒளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒசாகாவைப் பாருங்கள். அங்கே நகாய் தாவரவியல் பூங்காவில் 2022-லிருந்து டீம்லேப் என்ற ஜப்பானிய டிஜிட்டல் கலைக் குழு இரவுக் கண்காட்சி நடத்துகிறது. பகலில் அது பழைய தாவரவியல் பூங்காவேதான், இருட்டிய பிறகு மட்டும் தனி டிக்கெட். முட்டை வடிவத்தில் ஆளுயரப் பொருட்கள் மரங்களுக்கிடையே நிற்கும். ஒருவர் தள்ளினாலோ காற்றில் ஆடினாலோ ஒன்று நிறம் மாறி ஒலி எழுப்பும், அது பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். மரம் ஏற்கெனவே இருக்கிறது, ஒளி அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒளிக்காட்சியைக் கட்டாதீர்கள், வாடகைக்கு எடுங்கள். பொங்கலுக்குப் பத்து நாள், கோடை விடுமுறைக்குப் பத்து நாள். முடிந்ததும் அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வௌவாலும் ஆந்தையும் மீதி நாட்களில் நிம்மதியாக இருக்கும்.

## உயரப்பாதையும் கண்ணாடி மாளிகையும்

இரண்டையும் ஒரே ஸ்லைடில் போடுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலில் கண்ணாடி மாளிகை. சிங்கப்பூரின் ஃபிளவர் டோம் 1.2 ஹெக்டேர். உள்ளே 23-லிருந்து 25 டிகிரி வைத்திருக்கிறார்கள். அதற்காக மாளிகை முழுவதையும் குளிர்விப்பதில்லை, தரைக்கடியில் குளிர்நீர்க் குழாய் ஓடவிட்டு மனிதர் நடக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் குளிர்விக்கிறார்கள், காற்றின் ஈரத்தைத் தனியாக உறிஞ்சி எடுக்கிறார்கள், நகரத்துப் பூங்காக்களில் வெட்டும் கிளைகளை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கிறார்கள். இத்தனை வேலையையும் செய்யாமல் நம் சமவெளி ஊரில் கண்ணாடிக் கூண்டு கட்டினால் மே மாதத்தில் உள்ளே செடியும் வாடும், ஆளும் வாடுவார். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கண்ணாடி வீடு பொருத்தம், ஏனென்றால் அங்கே வெளியே குளிர். சமவெளியில் வேண்டுமென்றால் பக்கங்கள் திறந்த, பச்சை வலை போட்ட நிழற்குடில் போதும், பெரணியும் ஆர்க்கிடும் அதில் சந்தோஷமாக வளரும். பேர் மட்டும் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது.

உயரப்பாதை விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. கார்டன்ஸ் பை த பேயின் 128 மீட்டர் நடைபாலத்தை எல்லாருக்கும் தெரியும். தரையிலிருந்து 22 மீட்டர், டிக்கெட் உண்டு, மழை மின்னல் வந்தால் மூடிவிடுவார்கள். அதைவிட நல்ல உதாரணம் அதே ஊரில் டெலோக் பிளாங்கா குன்றுப் பக்கம் இருக்கிறது. ஃபாரஸ்ட் வாக் என்று 1.3 கிலோமீட்டர், தரை முழுக்க இரும்புச் சல்லடை. கீழே காட்டுக்கு வெயிலும் மழையும் அப்படியே போகும், சரிவு மெதுவானது என்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும், கட்டணம் கிடையாது. மர உச்சி மட்டத்தில் நடக்கும்போது பறவை உங்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். இது சலிக்காது. ஆனால் ஒரு நிபந்தனை: மேலேயிருந்து பார்ப்பதற்குக் கீழே ஏற்கெனவே காடு இருக்க வேண்டும். நேற்று நட்ட கன்றுகளுக்கு மேலே இருபதடி உயரத்தில் நடந்தால் தெரிவது பக்கத்துக் குடியிருப்பின் தண்ணீர் டேங்க்தான்.

இந்த நிபந்தனையை மறந்தவர்கள் லண்டன்காரர்கள். 2021 கோடையில் மார்பிள் ஆர்ச் அருகே வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் சாரக்கட்டின்மேல் 25 மீட்டர் உயரத்துக்குத் தற்காலிகப் பச்சை மலை ஒன்று எழுப்பியது. கணினிப் படத்தில் அடர்காடு, நேரில் திட்டுத்திட்டாகப் புல்லும் மெலிந்த கன்றுகளும். காசு கொடுத்து ஏறியவர்கள் கொதித்துப்போனார்கள், இரண்டொரு நாளில் டிக்கெட் விற்பனை நின்றது, பிறகு இலவசமாகத் திறந்தார்கள். 33 லட்சம் பவுண்டு என்று ஆரம்பித்த கணக்கு 60 லட்சத்துக்குப் போனது, கவுன்சிலின் துணைத்தலைவர் பதவி விலகினார். கம்பியும் பலகையும் நாம் நினைத்த தேதிக்கு வந்துவிடும், செடி அதன் தேதிக்குத்தான் வரும்.

கடற்கரை ஊராக இருந்தால் எஃகு விஷயத்தில் இன்னும் யோசியுங்கள். உப்புக்காற்றில் சாதாரணப் பெயின்ட் தாங்காது, கால்வனைஸ் செய்யாத, அதாவது துத்தநாகம் பூசாத, நட்டு போல்ட்டில்தான் முதலில் துரு ஆரம்பிக்கும்.

## ஓடையும் ஈரநிலமும்

என் சாய்வு இந்தப் பக்கம்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் பீஷான்–ஆங் மோ கியோ என்று ஒரு பூங்கா, 62 ஹெக்டேர். சுற்றிலும் வீட்டுவசதி வாரிய அடுக்குமாடிகள். அதன் ஓரமாக காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் வேலி. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து வளைந்து ஓடவிட்டு 2012-ல் திறந்தார்கள். வளைந்ததால் நீளம் 3.2 கிலோமீட்டர் ஆனது. உடைத்த கான்கிரீட் கட்டிகளை வெளியே கொட்டாமல் பூங்காவிலேயே ஒரு மேடாகக் குவித்துவிட்டார்கள், இப்போது அதன்மேல் ஏறி நின்று ஆற்றைப் பார்க்கலாம்.

அங்கே ஸ்பீக்கரும் இல்லை, திரையும் இல்லை. கரை படிப்படியாகச் சரிந்து தண்ணீரைத் தொடுகிறது, ஆற்றைக் கடக்கக் கற்கள் போட்டிருக்கிறார்கள், பையன்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையால் மீன் துழாவுகிறார்கள், தாத்தா ஒருவர் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். மழை வந்தால் ஆறு அகலமாகி பாதி பூங்காவை எடுத்துக்கொள்ளும், அதற்காகவே வடிவமைத்தது. நீர்மட்டம் ஏறினால் விளக்கு எரியும், சைரன் ஒலிக்கும், எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும். பிறகு நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாக வந்து குடியேறியது, ஊரே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் அதை எஸ்டிமேட்டில் போடவில்லை. நேற்று பார்த்த ஆறு இன்று இருக்காது, அதனால் தினமும் வருகிற தெருக்காரருக்கும் பார்க்க ஏதாவது கிடைக்கிறது.

சரி, மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். முதலாவது சாக்கடை. சிங்கப்பூரில் மழைநீர் கால்வாய் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. நம் ஊர்களில் மழைநீர் வடிகாலில் திருட்டு இணைப்பு இல்லாத தெருவைத் தேடிப் பிடிக்க வேண்டும். கழிவுநீர் கலக்கிற ஓடையின் மூடியைத் திறந்து அழகுபடுத்தினால் நீங்கள் மக்களுக்குத் திறந்துவிடுவது நாற்றத்தையும் கொசுவையும்தான். ஆகவே முதல் வேலை, மேலே எங்கெல்லாம் கலக்கிறது என்று நடந்து பார்த்து அடைப்பது. அது முடியாது என்று தெரிந்தால் இந்த யோசனையை அப்படியே விட்டுவிட்டு, மழைநீர் மட்டும் வந்து சேரும் ஆழமில்லாத குளத்துக்குப் போங்கள். சென்னை மாநகராட்சி சில ஆண்டுகளாக அமைத்துவரும் ஸ்பாஞ்ச் பூங்காக்கள் இந்த வகைதான். தண்ணீர் உள்ளே நிற்கும், இறங்கும், அக்கம்பக்கத்துத் தெருவில் தேங்குவது குறையும்.

இரண்டாவது, ஆள். புல்வெட்டி மிஷின் ஓட்டத் தெரிந்தவர் வேறு, எது கோரை எது ஆகாயத்தாமரை என்று தெரிந்து பிடுங்குகிறவர் வேறு. கரைப்பக்கம் சம்பு மண்டினால் "புதர், பாம்பு வரும்" என்று முதல் புகார் மனு வரும், யாரோ ஒரு அதிகாரி ஜே.சி.பி அனுப்பி ஒரே நாளில் வழித்துவிடுவார். இதைத் தடுக்க வேலியைவிடப் பயன்படுவது சுற்றி இருப்பவர்களோடு முன்கூட்டியே பேசிவைப்பதுதான்.

மூன்றாவது, பொறுமை. அடையாறு உப்பங்கழியில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்த இடத்தை மீட்டு 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர். பல ஆண்டுகள் அங்கே யாரும் நினைத்தபோது உள்ளே போய்விட முடியாது, பள்ளிக்குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டுவதுதான் முதல் நோக்கமாக இருந்தது. பறவைக்கு நல்லது, பக்கத்துத் தெருக்காரருக்கு எரிச்சல். எவ்வளவு திறப்பது, எவ்வளவு விலக்கி வைப்பது என்பதை முதலிலேயே வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்ய வேண்டும்.

தாழ்வான இடம், மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம், வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தார் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதுதான். இரண்டு ஏக்கருக்குக் கீழே மேட்டுநிலம் என்றால் வேண்டாம். செயற்கையாகப் பம்ப் வைத்து ஓடை ஓட்டினால் மறுபடியும் நீரூற்றின் கதைக்கே வந்து நிற்போம்.

## கைபட விளையாடும் இடம்

சின்ன இடத்துக்கும் குறைந்த பணத்துக்கும் இதுதான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் 2007-ல் திறந்த ஜேக்கப் பல்லாஸ் குழந்தைகள் தோட்டத்தில் ஒரு வேடிக்கையான விதி உண்டு: பெரியவர்கள் குழந்தையோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே சின்ன ஓடை, மணல், மரவீடு, காய்கறிப் பாத்தி. கட்டணம் கிடையாது.

நம் ஊரில் இதைக் கெடுப்பது இரண்டு பொருட்கள். ஒன்று, தரையில் ஒட்டும் கலர் ரப்பர் விரிப்பு. பார்க்க அழகு, மாலை நான்கு மணிக்குக்கூட வெறுங்காலில் நிற்க முடியாது, மேலே நிழல் இருந்தால் மட்டும் போடுங்கள். இன்னொன்று, மேற்கு நோக்கிய இரும்புச் சறுக்கு. மணலும் மண்மேடும் கிடந்த மரக்கட்டையும் இவற்றைவிட மலிவு, குழந்தைகளும் அதில்தான் நேரம் போவது தெரியாமல் இருக்கும். மணலில் நாயும் பூனையும் அசிங்கம் செய்யும், உண்மைதான். இரவில் மூட வலை வேண்டும், அவ்வப்போது மணலை மாற்ற வேண்டும், செலவு அவ்வளவுதான்.

சாந்தோமில் சென்னை மாநகராட்சி அமைத்த, மாற்றுத்திறன் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் பூங்காவையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கண் தெரியாத குழந்தைக்கும் சக்கர நாற்காலிக் குழந்தைக்கும் தொட, தட்ட, கேட்க ஏதாவது இருக்க வேண்டும் என்று யோசித்தாலே பாதி வடிவமைப்பு முடிந்துவிடும்.

செயலி, கியூஆர் பலகை, போனில் டைனோசர் பற்றியெல்லாம் தனித் தலைப்பு தேவையில்லை. பலகை வெயிலில் வெளுக்கும், சர்வர் வாடகை கட்டாமல் இணைப்பு செத்துப்போகும், அதுவரை குழந்தை பூங்காவுக்கு வந்தும் போனைத்தான் பார்க்கும்.

## கலந்து செய்தால்?

செய்யலாம், ஆனால் சம பங்காகப் பிரிக்காதீர்கள். எனக்கு ஐந்து ஏக்கரும் ஓரளவு பணமும் கொடுத்தால் முதலில் சுத்தமான கழிப்பறை, குடிநீர், இருக்கை, வழி நெடுக நிழல். இவை இல்லாத இடத்தில் யாரும் சொக்கிப்போவதில்லை, ஒன்றுக்குப் போக இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். மிச்சத்தில் பெரும்பங்கு மண்ணுக்கும் நீருக்கும், ஒரு மூலை குழந்தைகளுக்கு. மரம் வளர்ந்து நிழல் மூடிய பிறகு தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில் ஒரு சின்ன நடைபாதை. ஒளிக்கு மின்இணைப்பு மட்டும் இழுத்து வைத்துவிட்டு, காட்சியைப் பண்டிகைக்கு வாடகைக்கு.

பக்கத்தில் கோயிலோ கடற்கரையோ இருந்து வெளியூர்க் கூட்டம் எப்படியும் வரும், டிக்கெட் வாங்க ஆள் இருக்கிறது என்றால் வரிசையைத் தலைகீழாக்குங்கள். நீரூற்றே வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் பணம் பொதுக்கணக்கில் கரையாமல் அந்தப் பூங்காவுக்கே திரும்பும்படி முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிட்டு.

எதை எடுத்தாலும் டெண்டரில் கட்டும் செலவையும் ஐந்து வருடப் பராமரிப்பையும் ஒரே விலையாகக் கேளுங்கள், எல்1, அதாவது குறைந்த விலை கேட்டவர், யார் என்பதையும் அந்த மொத்த விலையில் பாருங்கள். நீரூற்றுக்காரர் ஒரு விலை சொல்வார், தோட்டக்காரர் ஒரு விலை சொல்வார். மன்றக் கூட்டத்தில் அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு விவாதம் ரொம்ப நேரம் நீள்வதில்லை.